வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிய சர்வர்

பையை மேலே தூக்கிப் போட வேண்டாம், அம்மா. மடியிலேயே இருக்கட்டும். திண்டுக்கல்லில் ஏறியதும் கண்டக்டரும் அதைத்தான் சொன்னார். "பெரியம்மா, பைய மேல போட்டுட்டுக் காலை நீட்டி உக்காருங்க, கோயமுத்தூர் போக நாலு மணி நேரமாகும்." மேலே போடுகிற சாமான் இல்லை இது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், உள்ளே இருப்பது இருந்தும் இல்லாததாகிவிடும். துண்டைச் சுற்றி, அதற்கு மேல் என் பழைய வாயில் புடவையைச் சுற்றி வைத்திருக்கிறேன். அப்படியும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் நர்ஸ்தானே? கேட்காமலே தெரிகிறது. நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது, கையில் ஒரு வளையல் கூட இல்லை. நல்லதாகப் போயிற்று. நர்ஸிடம் சொன்னால் புரியும். பல வருஷம் நடமாடிக்கொண்டே இருந்தவர் ஒரு நாள் ஓய்வென்று படுத்தால் மறுநாள் எழாமல் போவது உங்களுக்குப் புதிதில்லை.

உள்ளே இருப்பது டிஸ்க். கம்ப்யூட்டர் டிஸ்க், மூன்று. மூன்றில் இரண்டு செத்துவிட்டன. செத்துவிட்டன என்று நான் சொல்கிறேன். காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். அவர்களுக்கு இதுதான் தொழில், போன டிஸ்க்கிலிருந்து விஷயத்தை மீட்டுக் கொடுப்பது. பாதிக்குப் பாதி என்று போனில் சொன்னார். நீங்கள் ஆஸ்பத்திரியில் சொல்வீர்களே, அந்த மாதிரிக் குரலில்.

என் பெயர் ஜசிந்தா. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ், ஆட்கள் வந்து போகிற கணக்குப் பார்க்கிற இடம். மில்லின் பெயர் வேண்டாம். கணக்கில் பட்டம் வாங்கிக்கொண்டு டைப் அடிக்கப் போனவள். டைப் மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஒன்று நாலானது. நாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, எல்லாக் கணக்கு வழக்கையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ள, சர்வர் வந்தது. பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அரிசி டிரம் உயரம்தான். என் மேஜைக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஏழு வருஷம் ஓடியது. அதன் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? பக்கத்து வீட்டில் யாரோ ஜெபமாலை சொல்கிற மாதிரி. வார்த்தை கேட்காது, சொல்வது மட்டும் கேட்கும்.

முந்நூற்று நாற்பது பேருடைய வருகை அதில் இருந்தது. என் அறையை ஒட்டி, கேட்டில் ரேகை மெஷின். விரலை வைத்தால் ஒரு பெண் குரல் "நன்றி" என்று சொல்லும். மறு நிமிஷம் சர்வரில் ஒரு வரி விழும், டோக்கன் நம்பர், பெயர், நேரம். கேட்டில் இருப்பது சின்ன மெஷின். சர்வருக்கு அனுப்பியதும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். அதனால் எது இருந்தாலும் இந்த டிஸ்க்கில்தான், அம்மா. வேறெங்கும் இல்லை.

மூன்று டிஸ்க் எதற்கென்றால், மூன்று பேர் சுமக்கிற பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் விழுந்தாலும் மற்ற இருவரும் தாங்குவார்கள். இரண்டு பேர் விழுந்தால் பாரமும் விழும். அதற்காகத்தான் வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து பீரோவில் பூட்டி வைப்பேன். ஏழு வருஷத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை. என் வீட்டுக்காரர் அடக்கத்தன்று கூட எடுத்தேன். அன்றும் வெள்ளிக்கிழமை.

இரண்டு வருஷம் முன்னால் மதுரையிலிருந்து இஞ்சினியர் தூசி தட்ட வந்தார். காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார், "மேடம், இத இனிமே ஆஃப் பண்ணிராதீங்க. சுத்துற வரைக்கும் சுத்தும். ஆறிப்போச்சுன்னா உள்ள இருக்க மசகு இறுகிக்கும், அப்புறம் எந்திரிக்காது. புது டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் மாத்திட்டு அப்புறமா நிறுத்துங்க."

அன்றைக்கே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். திருவேங்கடம் சார். தங்கமான மனுஷர். நின்றுகொண்டே பேசவிடமாட்டார், உட்காரச் சொல்வார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஓடுற மாட்ட எதுக்கும்மா மாத்தணும்? நிறுத்தாதீங்க, அவ்வளவுதானே. நிறுத்தாம இருந்துட்டாப் போச்சு."

நிறுத்தாமல்தான் இருந்தேன். ஆயுத பூஜைக்குக் கூட.

நான் கிறிஸ்துவச்சி. ஆனாலும் ஆயுத பூஜையன்று என் சர்வருக்கு நான்தான் பொட்டு வைப்பேன். மில்லில் அன்றைக்கு எல்லா மெஷினும் நிற்கும். கார்டிங், ஸ்பின்னிங், எடை மெஷின், ஆபீஸ் பிரிண்டர், வாட்ச்மேனுடைய டார்ச் லைட் வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து உட்கார வைப்பார்கள். ஓய்வு. என் சர்வருக்கு மட்டும் ஓடும்போதே பொட்டு. ஸ்பின்னிங் பெண்கள் கேலி பண்ணுவார்கள், "ஏக்கா, சாமி கும்புடுறப்பக் கூட ஒங்க புள்ளைய ஒக்கார விடமாட்டீங்களா?" என்று. மற்றதற்கெல்லாம் ஓய்வு வேண்டும், இதற்கு ஓய்வுதான் எமன் என்று சொல்வேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

இந்த வருஷம் பூஜை புதன்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமைதான் வீரசின்னு செத்தது.

பேல் குடோனில் வேலை அவருக்கு. பஞ்சு பேல் தெரியுமா? இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியது, ஒன்று நூற்றெழுபது கிலோ. ஏழு அடுக்கு அடுக்கியிருந்தார்கள். ஐந்துக்கு மேல் அடுக்கக் கூடாது. மழை பெய்து தரை ஓதம். பத்து மணிவாக்கில் அவர் மேல் சரிந்தது. சத்தம் என் அறை வரைக்கும் வந்தது. சத்தம் கூட இல்லை, அதிர்வு. டம்ளரில் தண்ணீர் ஆடியது.

கூட இருந்தது இரண்டு ஒடிசாக்காரர்கள். மறுநாளே இரண்டு பேரையும் சம்பளத்தோடு ஊருக்கு அனுப்பி வைத்தார் சார். அவ்வளவு பெரிய துக்கத்தைப் பார்த்தவர்கள், வீட்டோடு இருந்து வரட்டும் என்று. யாருக்கு வரும் அந்த மனசு?

அப்புறம் மில்லில் ஒரு பேச்சு எழுந்தது. எங்கிருந்து எழுந்தது என்று தெரியாது. வீரசின்னு சனிக்கிழமையே வேலையை விட்டு நின்றுவிட்டாராம். திங்கட்கிழமை சும்மா வந்தவராம். குடித்துவிட்டுக் குடோனில் படுக்கப் போனவராம். வேலையில் இருக்கும்போது செத்தால் பெண்டாட்டிக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு, வெளியாள் உள்ளே வந்து செத்தால் எதுவும் கிடையாது. மில் மேலே கேஸும் வராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வரி. திங்கட்கிழமை காலை, டோக்கன் ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு, ஏழு ஐம்பத்திரண்டு.

எனக்கு நேரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியும். அன்றைக்குக் காலையில் நல்ல மழை. கை ஈரமாக இருந்தால் மெஷின் ரேகையை வாங்காது. இரண்டு தரம் வைத்துப் பார்த்தார், வாங்கவில்லை. "ஏக்கா, நாந்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்குது இது" என்றார். நான் ஒரு பிடி வேஸ்ட் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். விரலைத் துடைத்துவிட்டு வைத்தார். நன்றி என்றது. அவர் பஞ்சை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஏழு ஐம்பத்திரண்டு.

இருங்கள், சர்வர் நின்ற கதைக்கு வருகிறேன்.

புதன்கிழமை காலை. ஐயர் வந்தாயிற்று, பொரியும் கடலையும் தாம்பாளத்தில் வந்தாயிற்று. பூசணிக்காயைக் கேட்டருகில் உடைக்க வைத்திருந்தார்கள். வீரசின்னு செத்து மூன்றாம் நாள், பூஜை வேண்டாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். நடந்தது. சார் என் அறைக்கு வந்தார். எப்போதும் வரமாட்டார். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார், "ஜசிந்தாம்மா, இந்த வருஷம் இதையும் நிறுத்திருங்க. ஒரு உசுரு போயிருக்கு. எல்லா மெஷினும் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். பாவத்துக்குப் பரிகாரமா இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மா. செத்தவனுக்காக ஒரு மேனேஜர் இப்படி யோசிப்பாரா?

"சார், நிறுத்தறதுன்னா முதல்ல நகல் எடுத்துக்கணும். நாலு மணி நேரம் ஆகும்" என்றேன். "பத்தரைக்கு நல்ல நேரம் முடியுதும்மா. ஐயர் நிக்கிறார். நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

நிறுத்தினேன். பட்டனை நான்தான் அழுத்தினேன்.

ஏழு வருஷத்துக்கப்புறம் அந்த அறையில் சத்தமில்லை. முதலில் விசிறி நின்றது. அப்புறம் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக இறங்கின, உயரத்திலிருந்து கீழே வருகிற மூச்சு மாதிரி. நீங்கள் கட்டிலருகில் நின்று கேட்டிருப்பீர்கள். சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். வழக்கமாகப் பொட்டு வைக்கும்போது தகரம் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே அதிரும். அன்றைக்குச் சந்தனம் காயவே இல்லை.

வியாழக்கிழமை விஜயதசமி. எட்டு மணிக்குப் பட்டனைத் தட்டினேன். விளக்கெல்லாம் எரிந்தது. ஒரு டிஸ்க் எழுந்தது. மற்ற இரண்டும் டிக் என்றன. திரும்ப டிக். கதவைத் தட்டி, திறக்காததால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டுகிறவர்கள் மாதிரி. காலை முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சார் திட்டவில்லை. ஒரு வார்த்தை கூட இல்லை. "விடுங்கம்மா, வயசான மெஷினு" என்றார். அதோடு தன் அறை அலமாரியைத் திறந்து மூன்று புது டிஸ்க் எடுத்துக் கொடுத்தார், ஒட்டிய தாள் கிழிக்காமல். பில்லும் உள்ளே இருந்தது. செவ்வாய்க்கிழமை வாங்கியது. இரண்டு வருஷமாக நான் கேட்டது. எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

புது டிஸ்க்கில் நகலை ஏற்றுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மூன்றையும் அதனதன் பொந்தில் சொருகி, மூன்றும் ஒன்றுதான் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்து, வெறும் வீட்டுக்கு முதலில் சுவர் எழுப்புவது மாதிரி அடிப்படையானவற்றை ஏற்றி, அப்புறம் பீரோவிலிருந்த வெள்ளிக்கிழமை நகலை மாட்டி, பொறுத்திருக்க வேண்டும். திரையில் சதவீதம் ஏறும். முப்பத்தெட்டில் ஒரு மணி நேரம் நின்றது. நான் ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணிச் செபம் ஒரு சுற்றுச் சொல்லி முடித்தேன். நகல் எடுப்பது வேறு, அம்மா, எடுத்ததைத் திரும்ப உயிராக்குவது வேறு. ஏழு வருஷம் எடுத்தேனே தவிர ஒரு தடவை கூட ஏற்றிப் பார்த்ததில்லை. ஆனால் வந்தது. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எல்லாம் வந்துவிட்டது. ஒரு எழுத்துக் குறையவில்லை. சார் கை தட்டினார். மே மாதம் எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. "ஜசிந்தாம்மா இல்லாம மில்லு ஓடாது, இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் போட்டுருவோம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

எல்லாம் வந்தது என்றேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும். அதற்கப்புறம் ஐந்து நாள் இல்லை. சர்வருக்கு அந்த ஐந்து நாள் நடக்கவே இல்லை. சனிக்கிழமை லீவு எடுத்தவர்களின் விண்ணப்பம் மறுபடி என் முன்னால் வந்து நின்றது. நான் திருத்திய தப்பெல்லாம் திருத்தாமல் திரும்பி வந்தது. மற்றவர்களுக்குப் பரவாயில்லை. மேஸ்திரி ஆள் குறித்து வைக்கிற நோட்டைப் பார்த்துக் கையால் ஏற்றினோம். புது நோட்டு. அட்டை கூட மடங்கவில்லை, மேஸ்திரி அவ்வளவு சுத்தக்காரர். அந்த நோட்டில் திங்கட்கிழமை வீரசின்னு பெயர் இல்லை.

ஆனால் சர்வரில் அவர் இருந்தார். வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தவர், நாளைக்கும் வரவேண்டியவர். உயிரோடு இருந்தார்.

காலை எட்டரைக்கு, வராதவர்களின் போனுக்கு ஒரு மெசேஜ் தானாகப் போகும். அது சர்வரின் வேலை, என்னுடையதில்லை. 'டோக்கன் எண் 1148 வீரசின்னு இன்று பணிக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்.' தினம் போயிருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை, அம்மா. சத்தியமாகத் தோன்றவில்லை.

பதினோராவது நாள் அவர் பெண்டாட்டி பொம்மக்காள் கேட்டுக்கு வந்துவிட்டாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நான் போனேன். அழவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் படிங்கக்கா. எனக்குக் கண்ணு தெரியல."

படித்தேன்.

"தெனம் வருது. காரணம் தெரிவிக்கணுமாம். நான் என்னன்னு தெரிவிக்க? எங்க வீட்டுல இருந்து வேலைக்கின்னு கெளம்பின ஆள நீங்க திருப்பி அனுப்பல. இன்னும் வரலியேன்னு எங்கிட்டக் கேக்குறீங்க."

"அது மெஷினு பொம்மக்கா. தானாப் போகுது."

"தானாப் போகுதா. சரி. அந்த மெஷினுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க, அன்னிக்கி அவரு வந்தாரா வரலியான்னு. மனுசங்க யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"அஞ்சு நாள் அழிஞ்சு போச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை. "ஒங்களுக்கும் தெரியாதாக்கா?" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

சாரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். "பாவம், அந்தம்மா மனசு என்ன பாடுபடும். உடனே அந்த மெசேஜ நிறுத்துங்க. பேரை எடுத்துருங்க" என்றார். பெயரை அப்படியே எடுக்க முடியாது. விலகியவர் என்று குறித்தால், காரணம் கேட்கும், தேதி கேட்கும். நாலு காரணம் வரும், ராஜினாமா, ஓய்வு, நீக்கம், இறப்பு. இறப்பைத் தொட்டால் அடுத்த கேள்வி வரும், பணியிடத்திலா, வெளியிலா. நான் சார் முகத்தைப் பார்த்தேன். "எதுக்கும்மா சிக்கல்? ராஜினாமான்னு போடுங்க. சனிக்கிழமைன்னு போடுங்க. மேஸ்திரியும் அப்படித்தானே சொல்றார்."

போட்டேன். அந்தம்மாவுக்கு நிம்மதியாக இருக்குமே என்றுதான் போட்டேன். கடைசியில் ஒன்று கேட்டது, இவருடைய ரேகையையும் நீக்கவா என்று. இல்லை என்று அழுத்தினேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இப்போதும் உள்ளே இருக்கிறது அந்த விரல். அவர் எப்போது வந்து வைத்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும்.

சாயங்காலம் சார் இன்னொரு தாள் நீட்டினார். பழைய டிஸ்க்குகளை உடைத்து அழித்துவிட்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். மில் விஷயம் வெளியே போகக்கூடாதில்லையா, நியாயம்தானே. போட்டேன். சுத்தியல் கூட வாட்ச்மேன் கொண்டு வந்து கொடுத்தார். சுத்தியலையும் டிஸ்க்குகளையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுத்தியலை மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மெசேஜ் நின்ற மறுநாள் ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. பொம்மக்காள். எப்படி நம்பர் வாங்கினாளோ.

"அக்கா, இன்னிக்கி வரல."

"என்ன வரல?"

"மெசேஜு. எட்டரைக்கு வரும்ல. சின்னவ போனப் பிடிச்சிட்டு ஒக்காந்திருக்கா. வரல. ஏங்க்கா?"

திரையில் அவர் பெயருக்கு நேரே நான் போட்ட ராஜினாமாவைப் பார்த்தேன்.

"சண்ட போட்டுட்டுத்தான் வந்தேன், இல்லேங்கல" என்றாள். "ஆனா அது ஒண்ணுதாங்க்கா அவரு அங்க வேல பாத்தாருன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதையும் நிறுத்திப்புட்டீங்களா?"

அன்றையிலிருந்து எனக்கு அந்தப் பழைய சத்தம் கேட்கிறது, அம்மா. புது டிஸ்க்குக்குச் சத்தமே கிடையாது. அறை கிணறு மாதிரி இருக்கிறது. ஆனால் ஏழு ஐம்பத்திரண்டுக்கு, யாரும் விரல் வைக்காதபோது, கேட்டுப் பக்கமிருந்து "நன்றி" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. திரையில் வரியும் இல்லை. வீட்டில் பீரோவுக்குள் டிக் என்கிறது. கரண்ட் இல்லாத டிஸ்க் எப்படி டிக் என்னும்? எனக்குத் தெரியும், என்னாது. தெரிந்தும் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து பார்க்கிறேன்.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். எங்கள் பங்குக் கோயிலில், செத்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். வீட்டுக்காரர் பெயர், அம்மா அப்பா பெயர் எழுதினேன். அடியில் வீரசின்னு என்று எழுதினேன். உபதேசியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார், "இது யாரும்மா? நம்ம சபை மாதிரித் தெரியலையே. ஒங்களுக்கு என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று சொல்வது? "எங்கிட்டதான் வந்து விரல் வைப்பாரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வாசித்தார்.

வருகிற வியாழக்கிழமை திண்டுக்கல்லில் விசாரணை. பொம்மக்காளுடைய அண்ணன் மனுக் கொடுத்திருக்கிறான். வருகைப் பதிவோடு என்னை வரச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. சார் சொன்னார், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. டிஸ்க்கு தானாப் போச்சு. அது உண்மைதானே."

உண்மைதான். அதனால்தான் போகிறேன். இந்த டிஸ்க்கில் திங்கட்கிழமை இருக்கிறது. மெஷினே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சாருக்கும் தெளிவு கிடைக்கும். அவரும் தெரியாமல்தானே அப்படிச் சொல்கிறார்.

என்ன? நான் பார்த்தேனே என்கிறீர்களா? பஞ்சு கொடுத்தேனே என்கிறீர்களா?

பார்த்தேன். ஆனால் நான் சொன்னால் அது வாய்ச்சொல், அம்மா. மெஷின் சொன்னால் ஆதாரம். முப்பத்தோரு வருஷம் இதே மில் சோறு. நான் எழுந்து நின்று ஒன்று சொல்ல, சார் முகத்தைப் பார்த்துக்கொண்டு... இல்லை. மெஷின் சொல்லட்டும்.

இது தாராபுரம். பத்து நிமிஷம் நிற்கும். நீங்கள் டீ குடிக்க இறங்குவதானால் இறங்குங்கள், நான் இடம் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாமா? சரி.

என்ன கேட்டீர்கள்?

கிடைக்காவிட்டாலா?

கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பாதிக்குப் பாதி என்றார் கடைக்காரர். பாதி என்றால், இன்னொரு பாதியும் இருக்கத்தான் செய்கிறது.

உங்களிடம் பேனா இருக்கிறதா? கடைக்காரர் ஒரு படிவம் அனுப்பினார், நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி. பஸ் நிற்கும்போதே எழுதிவிட்டால் நல்லது. என் கை இன்றைக்கு எழுதுகிற நிலையில் இல்லை. நீங்களே எழுதுங்கள், நான் சொல்கிறேன்.

முதலில் என்ன இருக்கிறது? எந்தத் தகவல் அவசரமாக வேண்டும். எழுதுங்கள், திங்கட்கிழமை, காலை ஷிப்ட். ஒரே ஒரு வரி போதும் என்று எழுதுங்கள்.

அடுத்தது? டிஸ்க் பழுதானது எப்படி. அங்கே நான் ஏற்கெனவே பென்சிலில் எழுதியிருக்கிறேனா? 'தானாகப் பழுதானது.' ஆமாம், நேற்று எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். நன்றாக அடியுங்கள்.

இப்போது எழுதுங்கள். 'நிறுத்தினால் எழாது என்று தெரிந்தே நிறுத்தப்பட்டது.'

யாருக்குத் தெரிந்து என்றா கேட்கிறீர்கள்?

இரண்டு பேருக்குத் தெரியும், அம்மா. ஒருவருக்குத் தெரிந்தது, இன்னொருவர் போய்ச் சொன்னதால். இரண்டு பெயரையும் எழுதுங்கள். வியாழக்கிழமை நான் வாயால் சொல்லப் போவதும் இதுதான், இந்த டிஸ்க் எழுந்தாலும் எழாவிட்டாலும்.

என் பெயரை முதலில் எழுதுங்கள்.